பைத்தானில் ‘ஃபைல் இல்லை’, ‘மாட்யூல் இல்லை’: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பைத்தானில் ஃபைலைத் திறப்பதும் மாட்யூலை இம்போர்ட் செய்வதும் ஒரே வகைத் தேடல் போலத் தோன்றும். ஆனால் இரண்டும் தேடும் இடம் வேறு. ஓப்பன்('பொருட்கள்.சிஎஸ்வி') என்று எழுதினால், நிரல் அந்த நேரத்தில் நிற்கும் ஃபோல்டரில் பைத்தான் பார்க்கும். இம்போர்ட் விலை என்று எழுதினால், சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். நிரலை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த இரண்டு இடங்களும் மாறும். நேற்று ஓடிய அதே நிரல் இன்று வேறு டெர்மினலில் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கீழே கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. பிஒய் என்பது பைத்தான் ஃபைலின் எக்ஸ்டென்ஷன். கோடு போட்டு வரும் -எம், -இ இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

எதையும் திருத்தும் முன், விழும் வரிக்கு மேலே இந்த நான்கு வரிகளைப் போட்டு ஓட்டுங்கள்:

    இம்போர்ட் சிஸ், ஓஎஸ்
    பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)
    பிரிண்ட்(ஓஎஸ்.கெட்சிடபிள்யுடி())
    பிரிண்ட்(*சிஸ்.பாத், செப்='\என்')

எந்தப் பைத்தான் ஓடுகிறது, அது எந்த ஃபோல்டரில் நிற்கிறது, மாட்யூலை எங்கெல்லாம் தேடுகிறது என்ற மூன்றும் தெரிந்துவிடும். பாதிச் சிக்கல் இந்த வெளியீட்டைப் படித்ததுமே விளங்கிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு இந்த அமைப்பை வைத்துக்கொள்வோம்:

    கடைத்திட்டம்/
        கடை/
            __இனிட்__.பிஒய்
            விலை.பிஒய்
            ரசீது.பிஒய்
            தரவு/பொருட்கள்.சிஎஸ்வி
        டெஸ்ட்ஸ்/

அறிகுறி: பிப் நிறுவிவிட்டது என்கிறது, இம்போர்ட் ‘நோ மாட்யூல் நேம்ட்’ என்கிறது

கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. பேக்கேஜ்களை (மாட்யூல் தொகுப்புகளை) நிறுவும் கருவியான பிப் ஒன்றில் போட்டது, நிரல் இன்னொன்றில் ஓடுகிறது. ‘பிப் --வெர்ஷன்’ காட்டும் பாத்தையும் மேலே அச்சான சிஸ்.எக்ஸிக்யூட்டபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு பைத்தான் நிறுவலைச் சேர்ந்தவை என்றால் காரணம் உறுதி.

பிப்பைத் தனியாகக் கூப்பிடும் வழக்கத்தையே விட்டுவிடலாம். ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பெயர்’ என்று கொடுத்தால், நிரலை ஓட்டும் அதே பைத்தானுக்குள்தான் பேக்கேஜ் போகும். விண்டோஸில் ‘பிஒய் -0பி’ (இங்கே பிஒய் ஒரு கட்டளை) கொடுத்தால் இருக்கிற பைத்தான்கள் எல்லாம் பாத்துடன் பட்டியலாகும். வேண்டியதை ‘பிஒய் -3.12 -எம் பிப் இன்ஸ்டால் பெயர்’ என்று குறிப்பிட்டுச் சொல்லலாம். விஎஸ் கோடில் ‘பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்’ வழியாகச் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். ஜூபிட்டரில் ஆச்சரியக்குறி போட்ட பிப் வேண்டாம், ‘%பிப் இன்ஸ்டால்’ என்று கொடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள்ளேயே (நோட்புக்கை ஓட்டும் பைத்தானுக்குள்ளேயே) நிறுவும்.

நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் வேறாக இருப்பதும் உண்டு. ஓப்பன்சிவி-பைத்தான் என்று நிறுவி சிவி2 என்று இம்போர்ட் செய்ய வேண்டும். பில்லோவுக்குப் பிஐஎல், பையாமலுக்கு யாமல், சைக்கிட்-லேர்னுக்கு எஸ்கேலேர்ன், பியூட்டிஃபுல்சூப்4-க்கு பிஎஸ்4. இம்போர்ட் பெயரையே பிப்புக்குக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து: அதே பெயரில் வேறு யாரோ ஏற்றிய பேக்கேஜ் உள்ளே வந்துவிடலாம்.

டெபியன் 12-இலும் அதன் பிறகு வந்த உபுண்டுகளிலும் ‘எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்-என்விரான்மென்ட்’ என்று பிப் மறுக்கும். இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளும் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ போட்டு உடைக்காமல், திட்ட ஃபோல்டரில் ‘பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்’ என்று தனிச்சூழல் உருவாக்குங்கள். அந்த வென்வ் ஃபோல்டரைப் பிறகு நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது. உள்ளே முழு பாத் எழுதப்பட்டிருப்பதால் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று பிப் விழும். அப்படி ஆனால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே வேகமான வழி.

அறிகுறி: நாமே எழுதிய மாட்யூல் கிடைக்கவில்லை, அல்லது ‘அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்’

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சிஸ்.பாத் பட்டியலின் முதல் இடம் எப்படி நிரப்பப்படுகிறது என்று தெரிந்தால் போதும்.

‘பைத்தான் கடை/ரசீது.பிஒய்’ என்று ஓட்டினால், அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர், அதாவது ‘கடை’, முதல் இடத்தில் உட்காரும். நீங்கள் டெர்மினலில் எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு இதில் வேலையே இல்லை. ‘பைத்தான் -எம் கடை.ரசீது’ என்று ஓட்டினால், நீங்கள் நிற்கும் ஃபோல்டர் முதல் இடத்தில் உட்காரும்.

முதல் வகையில் ஓட்டும்போது ரசீதுக்குள் ‘ஃப்ரம் கடை.விலை இம்போர்ட் வரி’ என்று எழுதியிருந்தால் விழும். பைத்தான் ‘கடை’க்கு உள்ளே நின்றுகொண்டு ‘கடை’யைத் தேடுகிறது. சரி என்று அதை ‘ஃப்ரம் விலை இம்போர்ட் வரி’ என்று சுருக்கினால் ஓடிவிடும். ஆனால் டெஸ்ட் ஃபைல் ஒன்று கடை.ரசீதை இம்போர்ட் செய்யும் நாளில் ‘நோ மாட்யூல் நேம்ட் விலை’ என்று அது விழும். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் உடைவதைப் பார்த்துச் சலித்துத்தான் பலர் ‘சிஸ்.பாத்.அப்பெண்ட்’ போட ஆரம்பிக்கிறார்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது. ஒரே ஃபைல் ‘விலை’ என்றும் ‘கடை.விலை’ என்றும் இரண்டு பெயரில் இரண்டு முறை ஏற்றப்படும் வாய்ப்பு அதனால் வருகிறது. அப்புறம் ஒரே கிளாஸ் இரண்டு பிரதியாக இருக்கும், ஈஸ்இன்ஸ்டன்ஸ் சோதனை காரணமே தெரியாமல் ‘ஃபால்ஸ்’ தரும். தேடிக் கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழைகளில் அதுவும் ஒன்று.

புள்ளி வைத்து ‘ஃப்ரம் .விலை இம்போர்ட் வரி’ என்று எழுதினால் தலைப்பில் உள்ள செய்தி வரும். நேரடியாக ஓட்டப்படும் ஃபைலுக்குப் பைத்தான் வைக்கும் பெயர் __மெயின்__. அது எந்தப் பேக்கேஜுக்குள் இருக்கிறது என்ற தகவல் அதனிடம் இல்லை. எதற்குப் பக்கத்தில் தேடுவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. __இனிட்__.பிஒய் சேர்த்தால் இது தீரும் என்று பலர் சொல்வார்கள், தீராது. ஓட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

கடைத்திட்டம் ஃபோல்டரில் நின்று:

    பைத்தான் -எம் கடை.ரசீது

இங்கே கடைசியில் .பிஒய் போடக் கூடாது, சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வர வேண்டும். பழக்கத்தில் .பிஒய் சேர்த்துவிட்டால், நிரல் பாதி ஓடி முடித்த பிறகு ‘__பாத்__ அட்ரிப்யூட் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு குழப்பமான செய்தி வரும். அதன் கடைசி வாக்கியத்தில் சரியான பெயரையும் பைத்தானே சொல்லியிருக்கும்.

ஓரிரு ஃபைல்களைத் தாண்டிய திட்டம் என்றால் நிரந்தரத் தீர்வுக்குப் போய்விடுங்கள். ‘கடை’ ஃபோல்டரை ‘எஸ்ஆர்சி’ என்ற புதிய ஃபோல்டருக்குள் வையுங்கள். திட்டத்தின் மேல்மட்டத்தில் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற ஃபைலை உருவாக்கி மூன்று வரி எழுதுங்கள் (நேம் மதிப்பு ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும்):

    [ப்ராஜெக்ட்]
    நேம் = "கடை"
    வெர்ஷன் = "0.1"

பிறகு அதே இடத்தில் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -இ .’ கொடுங்கள். கடைசியில் இருக்கும் புள்ளி முக்கியம், ‘இந்த ஃபோல்டர்’ என்று பொருள். இனி எந்த ஃபோல்டரில் நின்றாலும், டெஸ்ட்டிலும் ஜூபிட்டரிலும், ‘இம்போர்ட் கடை’ கிடைக்கும். ஃபைலைத் திருத்தினால் மறுபடி நிறுவத் தேவையில்லை. ‘எஸ்ஆர்சி’ எதற்கு என்றால், மேல்மட்டத்திலேயே ‘கடை’யும் ‘நோட்புக்ஸ்’ போன்ற இன்னொரு ஃபோல்டரும் இருந்தால், எது பேக்கேஜ் என்று தெரியாமல் ‘மல்டிபிள் டாப்-லெவல் பேக்கேஜஸ் டிஸ்கவர்ட்’ என்று, பேக்கேஜைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் நிறுத்திவிடும்.

டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டுக்கு மட்டும் அவசரமாக வழி வேண்டுமென்றால், 7.0 பதிப்பிலிருந்து அதன் அமைப்பில் ‘பைத்தான்பாத்’ என்ற விருப்பம் இருக்கிறது. ‘பைத்தான் -எம் பைடெஸ்ட்’ என்று ஓட்டினாலும் நிற்கும் ஃபோல்டர் பட்டியலில் சேரும்.

‘பியாண்ட் டாப்-லெவல் பேக்கேஜ்’ என்று வந்தால், பேக்கேஜின் உச்சிக்கும் மேலே போகும் அளவுக்குப் புள்ளிகள் வைத்திருக்கிறீர்கள். கடை.விலைக்குள் இரட்டைப் புள்ளி வைத்தால் ‘கடை’க்கும் மேலே போகிறது, அங்கே பேக்கேஜ் எதுவும் இல்லை. முழுப் பெயரில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: இம்போர்ட் நடக்கிறது, ஆனால் உள்ளே இருக்க வேண்டியது இல்லை

ரேண்டம், ஈமெயில், ஜேசன், லாக்கிங் போன்ற பெயரில் நீங்களே ஒரு ஃபைல் வைத்திருக்கிறீர்களா? ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் பட்டியலில் முதலில் இருப்பதால், பைத்தானின் சொந்த நூலகத்துக்கு முன் உங்கள் ஃபைல்தான் கண்ணில் படும். ‘ஈமெயில் இஸ் நாட் எ பேக்கேஜ்’ என்ற செய்தி வந்தால் அநேகமாக இதுதான். சந்தேகமான மாட்யூலை இம்போர்ட் செய்து அதன் __ஃபைல்__ மதிப்பை அச்சிடுங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர் வந்தால் ஃபைலின் பெயரை மாற்றுங்கள். __பைகேச்__ ஃபோல்டரையும் அழிக்கச் சொல்வார்கள். பைத்தான் 3-இல் மூல ஃபைல் இல்லாமல் அங்கிருந்து எதுவும் ஏறாது, அழிக்க அவசியமில்லை. 3.13 பதிப்பு இந்தத் தவறைத் தானே கண்டுபிடித்து, எந்த ஃபைலின் பெயரை மாற்ற வேண்டும் என்று செய்தியிலேயே சொல்கிறது. பெயர் வைக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், 3.10 முதல் சிஸ்.எஸ்டிடிலிப்_மாட்யூல்_நேம்ஸ் என்ற தொகுப்பு உண்டு.

‘பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்... மோஸ்ட் லைக்லி டியூ டு எ சர்க்குலர் இம்போர்ட்’ என்று வந்தால் இரண்டு சாத்தியங்கள். ஒன்று மேலே சொன்ன பெயர் மோதல்: ரேண்டம்.பிஒய் ரேண்டமை இம்போர்ட் செய்யும்போது தன்னையே இம்போர்ட் செய்கிறது. மற்றொன்று உண்மையான வட்டம்: விலை ரசீதைக் கேட்கிறது, ரசீது விலையைக் கேட்கிறது. முதலில் தொடங்கியது பாதி ஏறிய நிலையில் இருக்க, மற்றது அதனிடம் இன்னும் உருவாகாத ஒரு ஃபங்ஷனைக் கேட்டு விழுகிறது. இரண்டுக்கும் பொதுவானதைப் பிரித்து மூன்றாவது ஃபைலில் வைப்பதே நல்ல தீர்வு. இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள் இறக்கினாலும் ஓடும். அதைத் தற்காலிகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

__ஃபைல்__ மதிப்பு ‘நன்’ என்று வந்தால், __இனிட்__.பிஒய் இல்லாத வெறும் ஃபோல்டர் இம்போர்ட் ஆகியிருக்கிறது. பைத்தான் 3.3 முதல் இதற்கு அனுமதி உண்டு, பிழையே காட்டாது. காலியாக ஒரு __இனிட்__.பிஒய் வைத்தால் பேக்கேஜ் கருவிகளுக்கும் அது கண்ணில் படும்.

அறிகுறி: ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், ஆனால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது

சாய்கோட்டிலோ, விண்டோஸில் ‘சி:\’ போன்ற டிரைவ் எழுத்திலோ தொடங்காத எந்தப் பாத்தும் நிரல் நிற்கும் ஃபோல்டரிலிருந்துதான் கணக்கிடப்படும். அந்த ஃபோல்டரை ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் வைக்கிறது. விஎஸ் கோடு பொதுவாகத் திட்டத்தின் மேல் ஃபோல்டரில் நிற்கும். பைசார்ம் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் நிற்கும். குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓடினால் பயனரின் ஹோம் ஃபோல்டர். லினக்ஸில் பின்னணிச் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸுக்கு ‘வொர்க்கிங்டைரக்டரி’ கொடுக்காவிட்டால் ரூட். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தைக் காலியாக விட்டால் சிஸ்டம்32. கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவு தானாக ஓடும்போது விழுகிறது என்பவர்கள் இந்தக் கடைசி மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

நிரலுடன் கூட வரும் ஃபைல் என்றால், நிரலின் இடத்திலிருந்தே பாத்தைக் கட்டுங்கள்:

    ஃப்ரம் பாத்லிப் இம்போர்ட் பாத்
    இடம் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்
    ஃபைல் = இடம் / 'தரவு' / 'பொருட்கள்.சிஎஸ்வி'

கட்டளை வரியில் பயனர் கொடுக்கும் ஃபைலுக்கு இதைச் செய்யாதீர்கள். அவர் நிற்கும் இடத்திலிருந்து பெயர் சொல்கிறார், அங்கேதான் தேட வேண்டும். பிரச்சினை வரக்கூடாது என்று நிரலின் தொடக்கத்தில் ஓஎஸ்.சிஎச்டிஐஆர் (நிற்கும் ஃபோல்டரை மாற்றும் கட்டளை) போட்டுவிடுபவர்கள் இந்த வழக்கத்தையே உடைக்கிறார்கள். பிப் வழியாகப் பிறருக்குக் கொடுக்கும் பேக்கேஜ் என்றால், 3.9 முதல் உள்ள இம்போர்ட்லிப்.ரிசோர்சஸின் ஃபைல்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். சிஎஸ்வி போன்றவற்றை ‘பேக்கேஜ்-டேட்டா’வில் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சேர்க்காவிட்டால் உங்கள் கணினியில் மட்டும் கிடைக்கும்.

இடம் சரியாக இருந்தும் கிடைக்காவிட்டால், ஃபோல்டரில் இருப்பதைப் பைத்தானையே பட்டியலிடச் சொல்லுங்கள்: பிரிண்ட்(ஓஎஸ்.லிஸ்ட்டிஐஆர்(இடம்)). விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைப்பதால் ‘பொருட்கள்.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி’ என்று ஒரு பெயர் அங்கே வெளிப்படலாம். டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல் கிடைக்கவில்லை என்றால், அந்த டெஸ்க்டாப் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு சிறிய பொறிகள். இடம் / '/தரவு' என்று இரண்டாவது பகுதியைச் சாய்கோட்டில் தொடங்கினால், முன்னால் இருக்கும் எல்லாமே தூக்கி எறியப்பட்டு ரூட்டிலிருந்து தேடும். அலைக்குறியை ஹோம் ஃபோல்டராக மாற்றுவது ஷெல்லின் வேலை. பைத்தானில் எக்ஸ்பேண்ட்யூசர்() கூப்பிட்டால்தான் மாறும்.

ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரின் பாத்தைக் கொடுத்துவிட்டால் லினக்ஸ் ‘ஈஸ்எடைரக்டரிஎரர்’ என்று நேராகச் சொல்லும். விண்டோஸ் ‘பெர்மிஷன்எரர்’ என்று சொல்லி, அனுமதியைத் தேடி அலைய வைக்கும்.

அறிகுறி: விண்டோஸ் பாத்தை அப்படியே ஒட்டினால் வினோதமான பிழை

'சி:\யூசர்ஸ்\...' என்று எழுதியதும் ‘யுனிகோட்எஸ்கேப்’ என்ற சின்டாக்ஸ் எரர் வந்தால், பின்சாய்கோட்டுக்குப் பின் வந்த பெரிய யு எழுத்துதான் காரணம். அதை எட்டு இலக்க யுனிகோட் எண்ணின் தொடக்கம் என்று பைத்தான் எடுத்துக்கொள்கிறது. நியூ, டேபிள் என்று ஃபோல்டர் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கினால் இன்னும் மோசம்: \என் புதுவரியாகவும் \டி டேப்பாகவும் மாறி, ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ என்று ஓடும் நேரத்தில் விழும். மேற்கோளுக்கு முன் ஆர் எழுத்தைப் போடுங்கள். அல்லது முன்சாய்கோட்டையே பயன்படுத்துங்கள், விண்டோஸிலும் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஆர் போட்ட சரம் ஒற்றைப் பின்சாய்கோட்டில் முடியக் கூடாது.

பாத் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் விழுகிறதா? ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸ் ஜன்னலில் செக்யூரிட்டி பக்கத்திலிருந்து நகலெடுத்தால், முன்னால் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பிரிண்ட்(ஆஸ்கீ(பாத்)) போட்டால் \யு202ஏ என்று மாட்டிக்கொள்ளும். மேற்கோள் குறியோடு சேர்த்து அந்தப் பாத்தை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

அறிகுறி: மடிக்கணினியில் ஓடுகிறது, லினக்ஸ் சர்வரில் இல்லை

ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸும் மேக்கும் ஃபைல் திறக்கும்போது பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸ் கண்டுகொள்ளும். டிஸ்கில் உள்ளபடியே எழுதுங்கள். பெயரை மாற்றும்போது ‘கிட் எம்வி’ கொடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் எழுத்தளவை மட்டும் மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் போகலாம்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ‘கொள்முதல்.சிஎஸ்வி’யில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் ஒரே குறியாக ‘ொ’, அல்லது க-வுடன் ‘ெ’, ‘ா’ என இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுதான். ‘கோ’, ‘கௌ’ வரிசைகளுக்கும் இதே கதை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ வட்டு பெயர்களைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த ஸிப்பை லினக்ஸில் பிரித்தால் பெயரும் பிரிந்த வடிவிலேயே இறங்கும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட்டுகள், அதனால் சேர்ந்த வடிவில் நீங்கள் எழுதிய பெயருடன் அது பொருந்தாது. லென் போட்டுப் பாருங்கள்: ஒன்று ‘கொ’வுக்கு 2 என்னும், மற்றது 3 என்னும். ஃபோல்டரில் உள்ள பெயர்களை யுனிகோட்டேட்டா.நார்மலைஸ்('என்எஃப்சி', பெயர்) வழியாக ஒருமுறை மாற்றிப் பெயரிட்டுவிட்டால் தீர்ந்தது. மாட்யூலுக்கே தமிழ்ப் பெயர் வைத்தாலும் இது பொருந்தும்: நிரலில் எழுதிய பெயரைப் பைத்தான் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடும், டிஸ்கில் உள்ள ஃபைல் பெயரை மாற்றாது.

அறிகுறி: பாத் சரி, ஃபைல் திறக்கிறது, படிக்கும்போது ‘சார்மேப்’ பிழை

ஆங்கில விண்டோஸில் ஓப்பன் இயல்பாக எடுத்துக்கொள்வது சிபி1252 குறியாக்கத்தை. தமிழின் புள்ளி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள். அதில் கடைசி பைட் 8டி. சிபி1252-இல் அந்த எண்ணுக்கு எழுத்தே இல்லை. ஆகவே ‘கேன்ட் டிகோட் பைட் 0எக்ஸ்8டி’ என்று நிரல் நின்றுவிடும். ஓப்பனுக்குள் என்கோடிங்='யுடிஎஃப்-8' என்று எப்போதும் எழுதுங்கள். அந்த ஃபைல் எக்செலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று சேமித்ததானால், முதல் நெடுவரிசைப் பெயருக்கு முன் மறைவான \யுஃபெஃப் குறி ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பெயருக்கே ‘கீஎரர்’ வரும். அங்கே 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். குறி இல்லாத ஃபைலையும் அது சரியாகவே படிக்கும்.